சிவக்கொழுந்து மாஸ்டரின் கழுத்துக்கு இருபத்திரண்டு புள்ளி

சிவக்கொழுந்து மாஸ்டருக்குக் கழுத்து திரும்பாமல் போனதை ஊர் முதலில் மிடுக்கு என்றுதான் நினைத்தது. வீதியில் யாராவது "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் அவர் தலையை மட்டும் திருப்பமாட்டார். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் லொறி திருப்புவதுபோல உடம்பு முழுவதையும் மெல்ல மெல்லத் திருப்பி, கூப்பிட்டவருக்கு நேரே வந்து நிற்பார். பென்சன் எடுத்த பிறகு ஆளுக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று சந்திக் கடையில் கதைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. கழுத்து நோகிறது என்று தானே சொல்வதைவிட, மிடுக்கு என்று மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தது. விட்டுவிட்டார்.

தெல்லிப்பழைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கணிதம் படிப்பித்து, அங்கேயே ஓய்வுபெற்றவர் அவர். உலகத்தில் உள்ள எதையும் நூறுக்கு எத்தனை என்று சொன்னால்தான் அவருக்கு விளங்கும். மனைவி குணலட்சுமி வைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கு எழுபத்தைந்து. புளி கூடினால் அறுபது. கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் புள்ளி போடுவார். செத்தவீட்டில் இரங்கலுரை ஆற்றியவருக்கும் போடுவார். ஒரேயொரு மகள் சாருஜா ரொறன்ரோவில் வீடு வாங்கிப் படம் அனுப்பியபோது, "எண்பத்திரண்டு, முன்பக்கம் கொஞ்சம் ஒடுக்கம்" என்று பதில் எழுதினார்.

வீட்டின் பின்புறத்தில் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டில் இருந்தது. ஒரு காலத்தில் அதற்குள் வாங்குப் பலகைகள் கொள்ளாமல் பிள்ளைகள் நெருங்கி இருந்து ரியூசன் படித்தார்கள். பிறகு நகரத்தில் பெரிய நிறுவனங்கள் வந்தன. பஸ் ஏறிப் போய் நானூறு பேரோடு இருந்து படிப்பதுதான் படிப்பு என்றாயிற்று. பிறகு திரையில் படிப்பது வந்தது. மாஸ்டரின் கொட்டிலுக்கு ஒருவரும் வரவில்லை. குணலட்சுமி அந்த வாங்குகளின் மேல் வெங்காயம் பரப்பிக் காயவிட்டாள்.

மாஸ்டர் போனுக்குள் இறங்கினார். ஊர் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு, கோயில் குழு, மரண அறிவித்தல் குழு. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, போனை வயிற்றில் வைத்து, முகவாய் நாடியை நெஞ்சில் முட்டவிட்டு, காலைச் சாப்பாடு தொடக்கம் விளக்கு வைக்கும்வரை இருப்பார். மரண அறிவித்தலில் எழுத்துப்பிழை கண்டால் உடனே திருத்தி அனுப்புவார். துக்கவீட்டுக்காரர் இரண்டு தரம் சண்டைக்கு வந்தார்கள். ஒருநாள் காலை எழும்பியபோது கழுத்து இடப்பக்கம் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.

"தலையணை சரியில்லை" என்றார். தலையணையை மாற்றினார். "மின்விசிறிக் காத்து" என்றார். கட்டிலைத் திருப்பிப் போட்டார். சித்தாலேபத் தைலம் பூசினார். கடைசியில் கண்ணூறு என்றார்.

"உந்தப் போனுக்கை தலையை விட்டுக்கொண்டு கிடந்தால் கழுத்து நோகாமல் காலே நோகும்?" என்றாள் குணலட்சுமி.

அதற்கு அவர் புள்ளி போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வாசிகசாலைக்கு றொசாந்தி வந்தாள். குருநகர்ப் பிள்ளை, பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவம் படித்து, மேற்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். குனிந்தும் வளைந்தும் இருப்பதால் கழுத்து வலி வந்தவர்களின் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்பது அவளுடைய தலைப்பு. முதலில் பத்துக் கேள்வி கேட்டு வலி வாழ்க்கையை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளப்பாள். ஆறு கிழமைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பாள். பிறகு அதே பத்துக் கேள்வியைத் திரும்பக் கேட்பாள். இவ்வளவுதான். வாசிகசாலையில் ஒட்டியிருந்த அறிவித்தலை மாஸ்டர் உடம்போடு திரும்பி நின்று வாசித்தார். வலி, வாழ்க்கை, தரம் எதுவும் அவர் கண்ணில் நிற்கவில்லை. 'வினாத்தாள்' என்ற சொல் நின்றது.

சனிக்கிழமை மினுக்கிய வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனை, நேரத்துக்கு முன்னரே வாசிகசாலையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் அயல்வீட்டுப் பொன்னம்பலம் வந்து குந்தினார். பொன்னம்பலம் தபாலதிபராக இருந்தவர். முத்திரை குத்திக் குத்தியே கழுத்துப் போனது என்பது அவர் கட்சி. தாள் கைக்கு வந்ததும் அவர் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் இடக்கையால் தன் தாளை மறைத்தார்.

கேள்விகள் மாஸ்டருக்கு அவமரியாதையாக இருந்தன. கழுத்து வலியில்லாமல் உங்களால் வாசிக்க முடிகிறதா? ஒரு வாத்தியாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? 'விரும்பிய அளவு முடியும்' என்பதில் கோடு போட்டார். வேலை செய்ய முடிகிறதா? முடியும். வாகனம் ஓட்ட முடிகிறதா? முடியும். பாரம் தூக்க? ஏன் முடியாது. மெத்தப் படித்தவரின் மானத்தோடு பத்தில் பாதிக்கு மேற்பட்டவற்றை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டு, நோவு, தலையிடி, நித்திரை, கவனம் என்ற நாலில் மட்டும் கொஞ்சம் உண்மையை ஒப்புக்கொண்டார்.

றொசாந்தி தாளைக் கூட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சேர், இருபத்திரண்டு. பயப்பிட ஒண்டுமில்லை."

"எத்தினைக்கு இருபத்திரண்டு?"

"நூறுக்கு, சேர்."

மாஸ்டரின் காது இரண்டும் சிவந்தன. இருபத்திரண்டு என்பது அவர் மற்றவர்களுக்குப் போடுகிற புள்ளி. அதுவும் சிவப்புப் பேனையால், வகுப்பு முழுவதும் கேட்கச் சத்தமாக வாசித்துவிட்டு.

"பிள்ளை, எங்கையோ கூட்டினதிலை பிழை விட்டிட்டீர். திருப்பிக் கூட்டும்."

"சரியாத்தான் கூட்டினனான் சேர். இதிலை குறைஞ்சால்தான் நல்லது. கூடக்கூட வருத்தம் கடுமை எண்டு அர்த்தம்."

"குறைஞ்சால் நல்லமெண்ட சோதினை எந்த நாட்டிலை இருக்குது?"

அப்போது பின்னாலிருந்து பொன்னம்பலம், மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளையின் அடக்கத்தோடு சொன்னார்: "எனக்கு அறுபத்துநாலு, மாஸ்டர்."

பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டருக்கு இருபத்திரண்டாம், போஸ்ற்மாஸ்டருக்கு அறுபத்துநாலாம். கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் யாரும் எந்தப் புள்ளியையும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. சந்தியில் கடை வைத்திருக்கும் சிவகரன் மாஸ்டரிடம் படித்து, கணிதத்தில் மூன்று தரம் கோட்டை விட்டவன். அன்றைக்கு அவன் மாஸ்டருக்குத் தேத்தண்ணியோடு கேட்காமலே ஒரு வடையும் வைத்தான்.

"யோசிக்காதேங்கோ சேர்" என்றான் இரக்கத்தோடு. "அடுத்தமுறை பாப்பம்."

மாஸ்டர் வடையைச் சாப்பிடாமல் எழும்பிவிட்டார்.

அடுத்த கிழமை ஒரு கதை கிளம்பியது. இரண்டாவது முறை ஐம்பதுக்கு மேலே எடுப்பவர்களுக்கு ரொறன்ரோவிலிருந்து வைத்தியத் தலையணை வருகிறதாம். கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி உள்ளே பள்ளம் வைத்துச் செய்ததாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினார்கள். றொசாந்தி ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதெல்லாம், அப்படி ஒன்றும் இல்லை, பயிற்சிதான் மருந்து என்று சொன்னாள். பிள்ளை வெளியில் சொல்லக்கூடாது என்று கட்டளை போலிருக்கு என்று ஊர் விளங்கிக்கொண்டது.

முதலில் வந்தவள் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்குகிற ஒரு பெண். படலையில் நின்று கேட்டாள்:

"மாஸ்டர், உந்த வாசிகசாலைச் சோதினைக்கு என்ன எழுதினால் கூட வரும்?"

மாஸ்டர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். பல வருடங்களாக ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. கேள்வி பிழையானது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கேட்ட விதம் பழைய விதமாக இருந்தது.

"உள்ளுக்கு வாரும்" என்றார்.

மூன்றாம் நாள் கொட்டிலில் பதினைந்து பேர். வாங்குகளிலிருந்த வெங்காயம் சாக்குக்குள் போயிற்று. குணலட்சுமி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உது என்ன வகுப்பு?"

"கழுத்து."

"விசர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனாலும் பதினைந்து பேருக்கும் தேத்தண்ணி வந்தது.

மாஸ்டர் கரும்பலகைக்குக் கறுப்படித்து, ஆணி அடித்து உயரத்தில் மாட்டினார். வினாத்தாளை நினைவிலிருந்து முழுவதுமாக எழுதிப்போட்டார். கையை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, எழுதுவதும் திரும்பிப் பார்ப்பதுமாக நின்றார்.

"ஒவ்வொரு கேள்விக்கும் ஆறு விடை. முதல் விடை ஒண்டுமில்லை எண்டு சொல்லும். அதைத் தொடப்படாது. கடைசி விடை எங்கை இருக்குதோ அங்கைதான் புள்ளி இருக்குது. ஆனால் பத்துக்கும் கடைசி விடையைப் போட்டால் திருத்திறவைக்குச் சந்தேகம் வரும். ஆகவே ஒரு கேள்வியிலை மட்டும் ஒருபடி கீழை இறங்குங்கோ. எந்தக் கேள்வியிலை? பாரம் தூக்கிறதிலை. விளங்கிச்சோ?"

"சேர்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு பெண் கை உயர்த்தினாள். "எனக்கு நித்திரைக்கு ஒரு குறையும் இல்லையே. ஆடு கத்தினாலும் எழும்பமாட்டன்."

"வீட்டை போய்க் கொள்ளும். சோதினையிலை நித்திரை வராது."

"பொய்யெல்லோ சேர்?"

"பொய்யில்லை. மாதிரி விடை."

இரண்டு கிழமைக்குள் பொன்னம்பலமும் வந்தார். அறுபத்துநாலு எடுத்தவருக்கு எதற்கு வகுப்பு என்று மாஸ்டர் கேட்டார். தக்கவைக்க வேணுமே என்றார் பொன்னம்பலம். அவரைக் கடைசி வாங்கில் இருக்கவிட்டார். றொசாந்தி சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் ஊரார் தட்டவில்லை; வாசிகசாலையில் ஒருமித்து நாடியை உள்ளிழுத்தார்கள், தோளைச் சுழற்றினார்கள். அது விளையாட்டுப்போட்டி மாதிரி, புள்ளிக்குச் சேராது என்று மாஸ்டர் வகுப்பில் விளக்கியிருந்தார்.

ஆறு கிழமை முடிந்து இரண்டாவது தாள் வந்தது. றொசாந்தி அன்றைக்குக் கூட்டத் தொடங்கினாள். தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு. பொன்னம்பலத்துக்குத் தொண்ணூற்றிநாலு. மாஸ்டருக்குத் தொண்ணூற்றெட்டு. அவள் பயிற்சி சொல்லிக்கொடுப்பதற்கு முன்னர் ஓரளவு வலியோடு நடமாடிய ஊர், பயிற்சி செய்த பிறகு எழும்ப முடியாமல் படுத்துவிட்டது என்று தாள்கள் சொன்னன. பிள்ளை, தான் பிழையான பயிற்சி சொல்லிக்கொடுத்து இத்தனை பேரின் கழுத்தையும் முறித்துவிட்டேனே என்று, கொழும்பிலிருந்த தன் பேராசிரியைக்குப் போன் எடுத்து அழுதாள். பேராசிரியை அடுத்த வெள்ளிக்கிழமையே காரில் புறப்பட்டு வந்தார்.

அதற்குள் ஊர் சும்மா இருக்கவில்லை. சிவகரன் செலவை ஏற்றான். மாஸ்டர் கோட்டுப் போட்டு எடுத்த பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். சந்தியில் மின்கம்பத்துக்கும் வேம்புக்கும் இடையில் பெரிய பதாகை ஏறியது. 'கழுத்து வலி ஆய்வில் 98 புள்ளிகள் பெற்று முதலிடம் பிடித்து எமது ஊருக்குப் பெருமை சேர்த்த ஆசான் சிவக்கொழுந்து அவர்களை வாழ்த்துகிறோம். இவ்வண்ணம், மாணவர்கள்.'

பேராசிரியையின் கார் அந்தப் பதாகைக்குக் கீழே நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, முதலிலிருந்து முடிவுவரை வாசித்தார். பக்கத்திலிருந்த றொசாந்தி இருக்கைக்குள் சுருங்கினாள்.

சந்திக்கு எதிரே கோயிலடியில் கொடியேற்றத்துக்கு மின்குமிழ் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏணியின் உச்சியில் ஒருவர் ஒற்றைக்காலில் நின்று, தலையை முழுவதுமாகப் பின்னால் சரித்து, வாயில் கம்பியைக் கடித்துக்கொண்டு, மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"மேலை நிக்கிறவர் யார்?" என்று காரிலிருந்து இறங்கிய பேராசிரியை கேட்டார்.

"போஸ்ற்மாஸ்டர், மாடம். தொண்ணூற்றிநாலு" என்றாள் றொசாந்தி, கேட்டும் கேளாத குரலில்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டரும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அன்றைய பேப்பர் கக்கத்தில். முன்னால் எண்ணெய்த் தாங்கியின்மேல் ஒரு மூடை புண்ணாக்கு. வாகனம் ஓட்டவே முடியாது, எதையும் வாசிக்கவே முடியாது என்று கோடு போட்ட மனிதர் பிரேக் பிடித்து இறங்கி, இடப்பக்கமாகவும் பிறகு வலப்பக்கமாகவும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "வாங்கோ, வாங்கோ, வெய்யிலுக்கை நிக்கிறியள்" என்று உபசரித்தார்.

பேராசிரியை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு றொசாந்தியிடம், "இந்த ஊரை விட்டிட்டு வேறை ஊர் பாரும். இதிலை ஒண்டையும் எடுக்கேலாது" என்றார். இருவரும் ஏறக் கார் திரும்பியது. பிள்ளை சிரிக்கவில்லை. அவளுடைய முகத்தை மாஸ்டர் பார்த்தார். எத்தனையோ வருடமாகப் பெறுபேறு வருகிற நாளில் அவர் பார்த்துப் பழகிய முகம் அது. எல்லாம் எழுதியும் ஒன்றும் வராத முகம்.

வீட்டுக்குப் போக முதலே போன் அடித்தது. பதாகையின் படம் ஊர் ஒன்றியக் குழுவில் ஏறி, கடல் தாண்டி, சாருஜாவின் கைக்குப் போயிருந்தது. அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்பவள்.

"அப்பா, தொண்ணூற்றெட்டு எண்டால் முழுக்க இயலாமல் போறது. எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை? அம்மா உங்களைத் தூக்கி இருத்தி விடுறவவோ? நான் ரிக்கற் போடுறன்."

"அழாதை பிள்ளை. அது வருத்தத்திலை எடுத்ததில்லை. படிச்சு எடுத்தது."

"அப்பா, போனை அம்மாட்டைக் குடுங்கோ" என்றாள் சாருஜா.

தாயும் மகளும் என்ன கதைத்தார்கள் என்று மாஸ்டருக்குத் தெரியாது. குணலட்சுமி இடையிடையே "ஓம்", "ஓம்" என்றதும், ஒருதரம் வாய்விட்டுச் சிரித்ததும் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை றொசாந்தி வீட்டுக்கு வந்தாள். கோபத்தோடு வந்தவளைக் குணலட்சுமி முதலில் இருத்தி, பாலைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்துத்தான் மாஸ்டரைக் கூப்பிட்டாள். மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். அவரை இருக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏன் சேர் இப்பிடிச் செய்தனீங்கள்? நான் மூண்டு மாதம் அலைஞ்சனான்."

"பிழைதான் பிள்ளை."

"தலையணை இல்லையெண்டு எத்தினைதரம் சொன்னனான்?"

"தலையணைக்கில்லை" என்றார் மாஸ்டர். கழுத்தைத் திருப்பிக் கொட்டில் பக்கம் பார்த்தார்.

அவள் கோபத்தில் எழும்பப் போனவள்தான். ஆனால் தொழில் விடவில்லை. அவர் பார்த்த விதத்தைக் கவனித்துவிட்டாள்.

"சேர், அந்தப் பக்கம் திரும்பேக்கை நோகேல்லையே?"

மாஸ்டர் திரும்பினார். திரும்பவும் திரும்பினார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"நோகுது. ஆனால் முந்தின மாதிரி இல்லை."

"எப்ப தொடக்கம்?"

யோசித்தார். கேள்விக்குச் சரியான விடை எது, கூடப் புள்ளி எதற்கு என்று யோசிக்காமல் ஒரு கேள்வியை அவர் யோசித்தது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"வகுப்புத் தொடங்கினாப் பிறகு. பின்னேரம் முழுக்க நிண்டுகொண்டுதானே படிப்பிச்சனான். பலகையும் உயரம். சனம் வந்தால் போனை எடுக்க நேரமில்லை. நித்திரையும் நல்லா வந்தது. உண்மையிலை பிள்ளை, அந்த நாளிலை எனக்குக் கழுத்தெண்டு ஒண்டு இருந்ததே ஞாபகமில்லை."

"அப்ப சரியா எழுதியிருந்தால் உங்களுக்குப் பத்துக்குக் கீழை வந்திருக்கும்" என்றாள் றொசாந்தி. "ஊரிலை ஆக நல்லாயிருந்தது நீங்கள்தான்."

மாஸ்டர் இதைக் கேட்டு மகிழ்வதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றார். குணலட்சுமி குசினி வாசலில் நின்று, "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றாள். எதைச் சொன்னாள் என்று இருவரும் கேட்கவில்லை.

றொசாந்தி ஆய்வை அச்சுவேலிப் பக்கம் கொண்டுபோனாள். தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருக்கும் பெண்களிடம் கேட்டாள். அவர்கள் நோவதை நோகிறது என்றும் நோகாததை நோகவில்லை என்றும் சொன்னார்கள். போகுமுன் மாஸ்டரிடம் ஒரேயொரு வாக்குறுதி வாங்கிக்கொண்டாள்: அச்சுவேலியில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் இருந்தால் அங்கே போகக்கூடாது.

பதாகையை மாஸ்டர் தானே ஏறிக் கழற்றினார். குணலட்சுமி அதை வெங்காயத்துக்கு மேலே மழைக்கு மூடினாள். கோட்டுப் போட்ட மாஸ்டர் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். கொட்டிலின் வாங்குகள் மட்டும் திரும்ப வெங்காயத்துக்குப் போகவில்லை. கணிதத்தைத் திரும்ப எடுக்கவேண்டிய பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள். நகரத்து நிறுவனங்களில் கடைசி வரிசையில் இருந்து ஒன்றும் கேட்காமல் போனவர்கள். பகலில் போன் அலுமாரிக்குள். காலையில் எழும்பும்போது கழுத்து இன்னமும் பிடிக்கிறது. கிணற்றடிக்குப் போய், ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, நாடியை உள்ளிழுத்துத் தோளைச் சுழற்றுகிறார். குணலட்சுமி குசினி யன்னலுக்குள்ளால் பார்த்து, "இன்னும் உள்ளுக்கு" என்கிறாள்.

போன கிழமை பொன்னம்பலம் படலையைத் திறந்துகொண்டு அவசரமாக வந்தார்.

"மாஸ்டர், கேள்விப்பட்டியளோ? அடுத்த மாதம் வேறை ஆக்கள் வருகினமாம். இந்தமுறை முழங்கால்."

மாஸ்டர் பலகையில் எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டை முடித்துவிட்டு, கழுத்தை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"முழங்கால் என்ரை பாடமில்லை" என்றார்.